உங்கள் தையல் மெஷினுக்கு நீங்களே பாஸ்

கடை திறந்திருக்கிறது. துணி இருக்கிறது, ஓடர் இருக்கிறது, வேலையாளும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் மெஷின் தைக்கவில்லை. தையலை நம்பிச் சிறு தொழில் செய்யும் எம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய நட்டம் வேறில்லை. துணி விலை கூடினால் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம். வாடகை கூடினால் உரிமையாளரிடம் தவணை கேட்கலாம். மெஷின் நின்ற நாளுக்கு மட்டும் யாரிடமும் கணக்குக் கேட்க முடியாது. அந்த நாள் போனது போனதுதான்.

புறக்கோட்டையில் தையல் சாமான் விற்கும் கடையில் முப்பது வருடங்களுக்கு மேலாக நிற்பவன் நான். ஊசி, நூல், பொபின், பெல்ட், எண்ணெய் என்று கேட்டு வருபவர்களின் முகத்தைப் பார்த்தே, இவர் கடைக்குச் சரக்கு வாங்க வந்தவரா, மெஷின் நின்றுபோய் ஓடி வந்தவரா என்று சொல்லிவிடலாம். நின்றுபோய் வருபவர்களில் பெரும்பாலானோரின் குறை, பாஸ் ஒருவரைக் கூப்பிட வேண்டிய அளவுக்குப் பெரிதல்ல. பத்து நிமிடத்தில் தாங்களே சரிசெய்திருக்கலாம். எப்படி என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கிட்டார் வாசிப்பவரைப் பாருங்கள். மேடை ஏறுமுன் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்த்துத் தானே சுருதி சேர்ப்பார். கம்பி அறுந்தால் தானே மாற்றுவார். அதற்கென்று ஓர் ஆளைத் தேடி ஓடமாட்டார். தையல் மெஷினிலும் நூலின் இழுவை அப்படிப்பட்டதுதான். துணி மாறினால், நூல் மாறினால் அதுவும் மாற வேண்டும். அதை மாற்றுவது தைப்பவரின் வேலை, பாஸின் வேலை அல்ல.

ஒரு சின்னக் கணக்கு

உதாரணத்துக்கு மூன்று மெஷின் உள்ள ஒரு தையல் கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு மெஷின் நாளொன்றுக்கு 3,000 ரூபா கூலி உழைக்கிறது என்று வைப்போம். அது பழுதாகி, பாஸ் வருவதற்கு நான்கு நாள் செல்கிறது. 12,000 ரூபா போய்விட்டது. அந்த நான்கு நாளும் வேலையாளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பாஸின் கூலியும் போக்குவரத்தும் தனி. கடைசியில் மாற்றியது ஓர் ஊசி என்றால் இந்தக் கணக்கை என்னவென்று சொல்வது?

இதைவிடப் பெரிய நட்டம் கணக்குப் புத்தகத்தில் எழுத முடியாதது. பெருநாளைக்கு முந்திய பத்து நாட்களில் மெஷின் நின்றால், பிள்ளையின் உடுப்பைக் கேட்டு வந்த தாய்க்கு என்ன பதில் சொல்வது? ஜனவரியில் பாடசாலைச் சீருடைக்குச் சொன்ன தவணை தவறினால் அந்த வீட்டார் அடுத்த வருடம் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். தையல்காரரின் முதலே சொன்ன நாளில் கொடுப்பார் என்ற பெயர்தான்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் மாதம் தொடங்கும்போது டொலர் ஒன்று 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதமாகும்போது 360 ரூபாவைத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. வெளிநாட்டிலிருந்து வரும் மெஷினும் உதிரிப்பாகமும் எட்டாத விலைக்குப் போயின. பழையதைக் கழித்துவிட்டுப் புதியதை வாங்குவோம் என்ற பேச்சு அந்த வருடத்தோடு பலரிடம் நின்றுபோனது. மூலையில் கிடந்த கால் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு மிதிக்கத் தெரிந்தவருக்கு மின்வெட்டிலும் தையல் நிற்கவில்லை.

பாஸ்மாரைக் குறை சொல்லவில்லை

நல்ல பாஸ் கிடைப்பது அதிர்ஷ்டம். அவருடைய கைக்கு மரியாதை கொடுக்க வேண்டும், கூலியையும் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். ஆனால் எல்லோரும் அப்படியில்லை. கிழக்கிலிருந்து வந்த ஒரு ராத்தா, புது ஷட்டில் ஒன்று கேட்டார். "நானா, இது மூன்று மாசத்துல ரெண்டாவது ஷட்டில். மாத்தச் சொல்றாங்க, மாத்தினாலும் தையல் விட்டு விட்டுத்தான் போவுது" என்றார். மெஷினின் மேல் தலையைக் கழற்றிப் பையில் கொண்டு வந்திருந்தார். பார்த்தால், ஊசி மேலே முட்டும்வரை ஏறவில்லை. இரண்டு மில்லிமீற்றர் அளவு கீழே நின்ற நிலையில் இறுக்கியிருக்கிறார்கள். ஊசியை ஏற்றி இறுக்கியதும் தையல் ஒழுங்காக விழுந்தது. ஷட்டிலை விற்காமல் அனுப்பி வைத்தேன். அவருடைய மெஷினைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தால் இரண்டு ஷட்டிலின் காசு மிச்சம்.

பாஸை விலக்குவதற்காக நான் இதை எழுதவில்லை. எப்போது அவரைக் கூப்பிடுவது, வந்தால் என்ன சொல்வது, என்ன செய்தார் என்று எப்படிப் பார்ப்பது என்பது முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மெஷினுக்குள் நடப்பது என்ன?

கைஊசிக்குக் கண் பின்னால் இருக்கும். மெஷின் ஊசிக்குக் கண் நுனியில் இருக்கும். இந்தச் சிறு மாற்றத்தில்தான் முழுத் தொழிலும் நிற்கிறது. அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்ற மெஷினில் நுனியில் கண்ணுள்ள ஊசியும் கீழே இரண்டாவது நூலும் இருந்தன. இன்று எமது கடைகளில் ஓடும் மெஷின்களும் இதே முறையில்தான் தைக்கின்றன.

ஊசி மேல்நூலைத் துணிக்குள்ளால் கீழே கொண்டுபோகிறது. அடியைத் தொட்டுத் திரும்பி மேலே ஏறத் தொடங்கும்போது, ஊசியின் பின்பக்கம் நூல் சின்ன வளையமாகப் பிதுங்குகிறது. அந்த நொடியில் ஷட்டிலின் கொக்கி வந்து வளையத்தைப் பிடித்து, பொபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்கின்றன. மேலேயுள்ள கை நூலை இழுத்து இறுக்குகிறது. பல்லு துணியை ஒரு தையல் அளவு நகர்த்துகிறது.

ஊசி, கொக்கி, இழுவை, பல்லு. இந்த நான்கும் ஒன்றுக்கொன்று சரியான நேரத்தில், சரியான இடத்தில் சந்திக்க வேண்டும். தையலில் வரும் குறைகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மெஷின் ஒரு மர்மப் பெட்டி இல்லை.

முதலில் ஊசியைப் பாருங்கள்

தையல் விடுபட்டாலும், நூல் அறுந்தாலும், துணியில் நூல் இழுபட்டாலும் முதலில் செய்ய வேண்டியது ஊசியை மாற்றுவதுதான். மெஷினில் மிக மலிவான பொருள் இது. பலர் உடையும்வரை ஒரே ஊசியில் தைக்கிறார்கள். எட்டு மணித்தியாலம் அளவு தைத்ததும் ஊசியை மாற்றுவது நல்ல பழக்கம். நுனி மழுங்கிய ஊசி துணியைத் துளைக்கும்போது 'தட் தட்' என்று ஒரு சத்தம் கேட்கும். காது பழகினால் அதுவே போதும்.

ஊசிப் பைக்கற்றில் இரண்டு விடயம் பார்க்க வேண்டும். ஒன்று அளவு. 11/75, 14/90, 16/100 என்று எழுதியிருக்கும். இரண்டாவது எண் ஊசியின் தடிப்பு. 90 என்றால் 0.9 மில்லிமீற்றர். அபாயாவுக்குப் பாவிக்கும் மெல்லிய நிதா, கிரேப் துணிகளுக்கு 9 அல்லது 11. சட்டை, சீருடைத் துணிக்கு 14. டெனிம், கன்வஸ் போன்ற தடித்த துணிக்கு 16 அல்லது 18. டீசேர்ட் போன்ற இழுபடும் துணிக்கு நுனி உருண்டையான ஊசி வேண்டும். கூரான ஊசி அந்த இழைகளை வெட்டிவிடும்.

மற்றது ஊசியின் வகை. வீட்டு மெஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஜூக்கி போன்ற தொழிற்சாலை மெஷினுக்கான டிபி ஒன்று வகை ஊசியின் தலை முழு உருண்டை. ஒன்றுக்கு மற்றது சரிவராது. கடைக்கு வரும்போது பழைய ஊசியைக் கையோடு கொண்டு வாருங்கள்.

போடும் முறையும் முக்கியம். ஊசியின் ஒரு பக்கம் நீளமான பள்ளம் ஓடும். மறுபக்கம் கண்ணுக்கு மேலே சிறு குழிவு இருக்கும். குழிவு கொக்கி வரும் பக்கம் பார்க்க வேண்டும். நூல் நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து கோக்கப்பட வேண்டும். மேலே முட்டும்வரை ஏற்றி இறுக்குங்கள். தலை உருண்டையான ஊசியில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். கொஞ்சம் திரும்பி நின்றாலே தையல் விடும்.

நூலின் இழுவை

துணியின் அடியில் நூல் கொத்தாகச் சிக்கினால் எல்லோரும் பொபினைத்தான் பிடிப்பார்கள். குற்றம் மேலேதான் இருக்கும். மேல்நூல் இழுவைத் தட்டுகளுக்கு நடுவே போகவில்லை அல்லது இழுவை போதாது. பாதத்தைத் தூக்கினால் அந்தத் தட்டுகள் திறக்கும். இறக்கினால் மூடிக்கொள்ளும். ஆகவே நூல் கோக்கும்போது பாதத்தைத் தூக்கி வையுங்கள். இழுவையைப் பார்க்கும்போது இறக்கி வையுங்கள். இதைத் தெரியாமல் மாதக்கணக்கில் சிரமப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கீழ்நூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் இழுவை கூடிவிட்டது அல்லது பொபின் பெட்டியின் இழுவை குறைந்துவிட்டது. மேல்நூல் கீழே தெரிந்தால் மாறாக. இரண்டு நூலும் துணியின் தடிப்புக்கு நடுவில் பின்ன வேண்டும். மேலுக்கு ஒரு நிறம், கீழுக்கு ஒரு நிறம் நூல் போட்டு, கழிவுத் துணியில் தைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் பிழை என்று கண்ணுக்கே தெரியும்.

பொபின் பெட்டிக்கு ஒரு பழைய சோதனை உண்டு. பொபினைப் பெட்டிக்குள் போட்டு, நூல் நுனியைப் பிடித்துத் தொங்க விடுங்கள். பெட்டி தானாகக் கீழே இறங்கக் கூடாது. கையை மெதுவாக உதறினால் ஓரிரண்டு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். தானாக விழுந்தால் பெட்டியிலுள்ள சின்ன ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்குங்கள். உதறியும் அசையாவிட்டால் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். அதற்கு முன்னர் பெட்டியின் தகட்டுக்குக் கீழே நூல் துகள் சிக்கியிருக்கிறதா என்று ஒரு தாளின் மூலையைச் செலுத்திப் பாருங்கள். பல நேரம் அதுவே காரணம்.

தூசியும் எண்ணெயும்

ஊசித் தட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு ஸ்க்ரூதான். பல கடைகளில் அந்தத் தட்டுக்குக் கீழே பல்லுக்கு நடுவில் பஞ்சு அழுத்திக் கெட்டியாகி, கம்பளி போல இருக்கும். பல்லு எழும்ப இடமில்லாவிட்டால் துணி எப்படி நகரும்? வாரத்தில் ஒரு நாள் தட்டைக் கழற்றி, சின்னப் பிரஷால் தூசியை வெளியே எடுங்கள். வாயால் ஊத வேண்டாம். தூசி இன்னும் உள்ளே போகும், எச்சிலின் ஈரமும் சேரும்.

எண்ணெய் விடயத்தில் ஒரு பெரிய தவறு ஊரெல்லாம் நடக்கிறது. தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். அன்றைக்கு மெஷின் நன்றாக ஓடும். சில வாரத்தில் அது காற்றுப் பட்டுப் பிசினாகி, தண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் சைக்கிள் எண்ணெயும் கூடாது, தடிப்பு அதிகம், துணியில் கறை படியும். நிறமில்லாத தையல் மெஷின் எண்ணெய் மட்டும் பாவியுங்கள். உரசும் இடத்துக்கு ஒரு துளி, அவ்வளவுதான். கொக்கி ஓடும் தடத்துக்கும் ஒரு துளி. விட்ட பிறகு கழிவுத் துணியில் சிறிது நேரம் தைத்துவிட்டு வாடிக்கையாளரின் துணியை வையுங்கள். வெள்ளைத் துணியில் எண்ணெய்க் கறை பட்டால் அது யாருடைய செலவு என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஜூக்கி வகை மெஷினில் அடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கும். அதில் மேல்கோடு, கீழ்கோடு உண்டு. எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கறுத்துப் போனால் மாற்ற வேண்டும். ஓடும்போது மேலேயுள்ள கண்ணாடிக் குமிழில் எண்ணெய் தெறிப்பதைப் பார்க்கலாம். தெறிக்காவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

காத்தான்குடி, மருதமுனை, பேருவளை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இன்னொரு எதிரி. இரவில் மெஷினை மூடி வைப்பதும், ஊசித் தட்டையும் பாதத்தையும் எண்ணெய்த் துணியால் துடைப்பதும் துருவைத் தடுக்கும்.

பல்லு, பாதம், டைமிங்

சாதாரண துணிக்குப் பல்லு ஊசித் தட்டுக்கு மேலே 0.8 மில்லிமீற்றர் அளவு எழும்ப வேண்டும். தடித்த துணிக்கு 1 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. மெல்லிய துணி சுருங்கித் தைபட்டால் பல்லு அதிகம் எழும்புகிறதா, பாதத்தின் அழுத்தம் கூடவா, இழுவை கூடவா என்று மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஒன்றை மாற்று, தைத்துப் பார், பிறகு அடுத்தது. இதுதான் திருத்தும் வேலையின் முதல் சட்டம்.

டைமிங் என்பது ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரம். ஊசி அடிமட்டத்தைத் தொட்டு இரண்டு மில்லிமீற்றர் அளவு மேலே ஏறும்போது, கொக்கியின் நுனி ஊசியின் நடுவுக்கு, கண்ணுக்குச் சற்று மேலே வந்து நிற்க வேண்டும். ஊசிக்கும் கொக்கிக்கும் இடையிலுள்ள இடைவெளி சாதாரணத் தாளொன்றின் தடிப்புக்கு மேற்படக் கூடாது. ஆனால் கொக்கி ஊசியில் உரசவும் கூடாது. தொழிற்சாலை மெஷின்கள் பலவற்றில் ஊசித் தண்டில் இதற்கென்றே கோடு போட்டிருப்பார்கள்.

இதை முதல் மாதத்திலேயே தொடச் சொல்லமாட்டேன். ஊசி, நூல், தூசி, இழுவை எல்லாம் பார்த்தும் தையல் விடுகிறது என்றால், சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, டோர்ச் வெளிச்சத்தில் கொக்கி வளையத்தைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்று கண்ணால் கண்ட பிறகு பாஸைக் கூப்பிட்டு, "டைமிங் விலகியிருக்கு போல" என்று சொல்லுங்கள். அவருடைய பேச்சே மாறிவிடும். பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை பழைய மெஷின் ஒன்றில் நீங்களே செய்து பழகலாம்.

நூல் அடிக்கடி அறுந்தால் ஊசித் தட்டின் துளையையும் கொக்கியின் நுனியையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஊசி முட்டிய கீறல் இருந்தால் நூல் அதில் சிக்கி அறும். மிக மெல்லிய எமரித் தாளால் மெதுவாக உரசி மினுக்கினால் போதும். கொக்கியின் நுனியைக் குறைத்துவிடக் கூடாது.

எங்கே நிறுத்த வேண்டும்?

எந்த ஸ்க்ரூவையும் தொடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். பெரிய கிளட்ச் மோட்டார் ஸ்விட்ச் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கால் மிதியில் பட்டால் ஊசி விரலில் இறங்கும். சத்தம் முழுதாக அடங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். மோட்டாரின் உள்ளே, வயரிங், கணினிப் பலகை உள்ள புது மெஷின்களின் மின்பகுதி இவை நாம் விளையாடும் இடமல்ல. வொரண்டி உள்ள மெஷினையும் திறக்க வேண்டாம்.

கழற்றுமுன் தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு வெள்ளைத் துணியில், கழற்றிய ஒழுங்கில் வையுங்கள். வேண்டிய கருவிகள் அதிகமில்லை. பெரிய, சிறிய ஸ்க்ரூ டிரைவர், சாவணம், பிரஷ், எண்ணெய், டோர்ச், கூடுதல் ஊசி, கூடுதல் பொபின் பெட்டி ஒன்று. இத்தோடு ஒரு கொப்பி. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர் போட்டு, எப்போது எண்ணெய் விட்டோம், என்ன குறை வந்தது, எப்படித் தீர்ந்தது என்று எழுதுங்கள். கடன் கொப்பி எழுதும் நாம் இதையும் எழுதலாம். ஒரே மெஷினில் ஒரே குறை மூன்று தடவை வந்தால் அந்தக் கொப்பி காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய மெஷின் வாங்குவோருக்கு

ஆடைத் தொழிற்சாலைகள் கழிக்கும் மெஷின்கள் சந்தைக்கு வருகின்றன. நல்லதும் உண்டு, பெயின்ற் அடித்து ஏமாற்றுவதும் உண்டு. மேலுள்ள விடயங்கள் தெரிந்தால் பேரம் பேசும்போது உங்கள் கை மேலே. ஊசித் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. கொக்கியின் நுனியைப் பாருங்கள். தொட்டியிலுள்ள எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். உங்கள் துணியையும் நூலையும் கொண்டுபோய் மெதுவாகவும் வேகமாகவும் தைத்துப் பாருங்கள். தடித்த மடிப்பின் மேல் ஏற்றிப் பாருங்கள்.

மோட்டாரையும் கேளுங்கள். பழைய கிளட்ச் மோட்டார், தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஸ்விட்ச் போட்டதிலிருந்து சுற்றும். சேர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டும் சுற்றும். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்ந்தபோது இந்த வித்தியாசம் பலருக்கு பில்லில் புரிந்தது. அதற்குப் பிறகு கட்டணம் ஏறியும் இறங்கியும் இருக்கிறது. ஆனால் தைக்காத நேரத்துக்குக் காசு கட்டுவது எந்தக் கட்டணத்திலும் நட்டம்தான்.

சிங்கர் கற்றுத் தந்த வியாபாரம்

ஐசக் சிங்கர் தன் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றது 1851இல். அவருக்கு முன்னரும் மெஷின் செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் உலகெங்கும் வீடு வீடாகப் போனது சிங்கர்தான். காரணம் இரும்பு மட்டுமல்ல. 1856இல் அவர்கள் தவணைக் கட்டணத்துக்கு மெஷின் கொடுக்கத் தொடங்கினார்கள். கிளைகளில் தைக்கப் பழக்குபவரையும் திருத்துபவரையும் வைத்தார்கள். 1877இல் இலங்கைக்கும் வந்துவிட்டார்கள். பொருளை விற்பதோடு, அது ஓடிக்கொண்டிருக்க வழியையும் சேர்த்து விற்பவனிடம்தான் வாடிக்கையாளர் திரும்பி வருவார். மெஷின் விற்கும் எமது சகோதரர்கள் இதை யோசிக்க வேண்டும். விற்கும்போது அரை மணித்தியாலம் உட்கார வைத்து ஊசி, நூல், எண்ணெய் மூன்றையும் காட்டிக் கொடுத்தால் திரும்பி வரும் முறைப்பாடுகள் குறையும்.

இன்னொரு விடயம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின்னர் கிழக்கில் பல அமைப்புகள் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தன. இன்றும் பள்ளிவாசல்களும் ஸகாத் குழுக்களும் விதவைகளுக்கு மெஷின் கொடுக்கின்றன. நல்ல காரியம். ஆனால் ஆறு மாதத்தில் ஒரு சின்னக் குறையால் அது மூலைக்குப் போனால் கொடுத்ததன் பயன் என்ன? பாஸுக்குக் கொடுக்கக் காசில்லாத பெண்ணுக்குத்தான் திருத்தத் தெரிந்திருக்க வேண்டிய தேவை அதிகம். மெஷினோடு ஒரு பைக்கற் ஊசி, ஒரு போத்தல் எண்ணெய், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு நாள் பயிற்சி. இந்த நான்கும் மெஷினின் விலையில் சிறு பங்குகூட வராது.

இளைஞர்களுக்கும் இதில் தொழில் இருக்கிறது. ஒரு ஊரில் ஐம்பது தையல் மெஷின் இருந்தால், மாதம் ஒரு தடவை வந்து துடைத்து, எண்ணெய் விட்டு, டைமிங் பார்த்துப் போக ஒரு நிலையான கட்டணம் பேசலாம். பழுதான பிறகு ஓடுவதைவிடப் பழுதாகாமல் பார்ப்பது இரு பக்கத்துக்கும் இலாபம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையம் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்தால், தையல் மெஷின் பராமரிப்புக்குப் பயிற்சி உண்டா என்று ஒரு தடவை போய்க் கேளுங்கள். இல்லாவிட்டால் நல்ல பாஸ் ஒருவரிடம் ஒரு வருடம் கூட நின்றால் போதும்.

இந்த வாரம் ஒன்று மட்டும் செய்து பாருங்கள். கடை மூடுவதற்கு அரை மணித்தியாலம் முன்னர் ஒரு மெஷினின் பிளக்கைக் கழற்றி, ஊசித் தட்டைத் திறந்து, தூசியை எடுத்து, புது ஊசி போட்டு, ஒரு துளி எண்ணெய் விட்டு மூடுங்கள். மறுநாள் காலையில் அந்த மெஷினின் சத்தத்தைக் கேளுங்கள். அடுத்த வாரம் இரண்டாவது மெஷினுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.